பின்னுக்கு இரண்டு காலடி

தன் முதுகுக்குப் பின்னாலும் உலகம் இருக்கிறது என்பது அக்காவுக்குத் தெரியாது. கமராவைக் கண்ணில் வைத்துவிட்டால் பின்னுக்குப் போய்க்கொண்டே இருப்பார். எதிலாவது முட்டுப்பட்டால்தான் நிற்பார். ஒரு கல்யாண வீட்டில் அப்படிப் போய் ஆட்டுக்கல்லின் மேல் இருந்துவிட்டார். பிள்ளை பெரியவளான ஒரு சாமத்திய வீட்டில் குசினிக்குள்ளேயே போய்விட்டார். அங்கே சொதிச் சட்டியோடு நின்ற பெண்ணின் முதுகில் தன் முதுகை முட்டி, "கொஞ்சம் தள்ளும் பிள்ளை" என்று திரும்பிப் பாராமலே சொன்னார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பச் சவப்பெட்டியைச் சுற்றி உறவுக்காரரை நிற்க வைத்து எடுப்பார்களே, அந்தப் படத்துக்காக ஒரு செத்த வீட்டுக்குப் போய், பந்தல் கால் ஒன்றை முதுகால் சாய்த்துவிட்டு வந்தார். அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

ஒவ்வொரு அடிக்கும் ஒரே வசனம்தான். "பொறுங்கோ, பொறுங்கோ, இன்னும் ஒராள் வெளியில நிக்கிறார்."

அந்த ஒராள் யாராகவும் இருக்கலாம். மாப்பிள்ளையின் சித்தப்பாவாக இருக்கலாம். இரவல் வாங்கிய அண்டாவைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம். படத்துக்குள் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எவர் ஓரத்தில் நின்றாலும், அவருடைய தோள்மூட்டு முழுதாக உள்ளே வரும்வரை அக்காவின் கால் நிற்காது.

சமாதான காலத்தில் கிளிநொச்சியில் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்தோம். கண்ணிவெடி அகற்றும் வேலை. எடுத்த வெடிகளின் விவரங்களை, எந்தக் காணியில், எவ்வளவு ஆழத்தில் என்று பதிவுப் புத்தகத்தில் எழுதுவது என் பொறுப்பு. படம் எடுப்பது அவர் பொறுப்பு. காணி துப்புரவாகி உரியவர்களிடம் கொடுக்கப்படும் நாளில் அந்தக் குடும்பத்தை அவர்களுடைய நிலத்தில் நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும். வேலையில்லாத நாட்களில் அவர் கல்யாணம், சாமத்தியம், செத்த வீடு என்று சைக்கிளில் ஓடித் திரிவார்.

எனக்கு அவரோடு ஒரே அறையில் இருப்பது பெரிய தொல்லை. நான் ஒரு இடத்தில் குந்தினால் குந்தினதுதான். அவர் தேத்தண்ணியைக்கூட நடந்துகொண்டே குடிப்பார். குந்தி இருந்தாலும் கை சும்மா இராது. மடியில் இருக்கும் லென்சின் வளையத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருப்பார். அது கிட்டக் கொண்டு வந்து, தூரக் கொண்டு போய், திரும்பவும் கிட்டக் கொண்டு வரும். நான் எழுதுகிற தொகையெல்லாம் பிழைத்துப்போகும்.

"அக்கா, அதை வைச்சிட்டு ஒரு இடத்தில இருங்கோவன்."

"இருந்தால் எனக்குக் கால் விறைக்குது பிள்ளை. நீர் எழுதும், நான் உம்மை ஒண்டும் செய்யேல்லைத்தானே."

ஏன் இப்படி ஓரத்தில் நிற்பவர்களுக்காக உயிரை விடுகிறீர்கள் என்று பல முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் சொன்னார். படத்தில் வெட்டுப்படுகிறவருக்கு அந்த வருஷம் கூடாது என்று சனம் சொல்லுமாம். இன்னொரு நாள், சும்மா ஒரு பழக்கம்தான் என்றார். மூன்றாவது காரணத்தை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அவருடைய தகப்பன், மலையகத்தில் தமிழருக்கு அடி விழுந்த காலத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து இரணைமடு வாய்க்கால் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர். அக்கா இங்குள்ள பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் வகுப்புப் படம் எடுத்திருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளை என்று அவரைக் கடைசி வரிசையின் கடைசியில் நிறுத்தினார்களாம். "படத்தில என்ர முழங்கை மட்டும் விழுந்திருக்கு. என்ர சின்ன வயசுப் படம் எண்டு இருக்கிறது அந்த முழங்கைதான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றில் அதுதான் உண்மை என்று நான் நம்புகிறேன்.

அவரிடம் இருந்தது ஒரு பழைய பிலிம் கமரா. அதோடு ஒரு பாரமான லென்ஸ். வளையத்தில் மீற்றர் கணக்கு வெள்ளை எழுத்தில் வெட்டியிருக்கும். அந்த லென்சை அவர் கண்ணால் பழகவில்லை, காலால் பழகியிருந்தார். எட்டுப் பேர் என்றால் ஐந்து காலடி. பதினைந்து பேர் என்றால் ஒன்பது. வெடி வயலில் இந்தக் கணக்குத்தான் அவரைக் காப்பாற்றியது. அங்கே எங்கள் பொறுப்பாளரின் உத்தரவு ஒன்றிருந்தது: "கமரா கண்ணில இருக்கேக்க கால் அசையக் கூடாது. இடம் மாறுறதெண்டால் கமராவை இறக்குங்கோ, திரும்பிப் பாருங்கோ, பிறகு நடவுங்கோ." கல்யாண வீட்டு அக்கா வேறு, வயலுக்கு வந்த அக்கா வேறு. ஆட்களை எண்ணுவார். அவர்களிடமிருந்து முன்பக்கம் பார்த்தபடி காலடி எண்ணி நடப்பார். நின்று, திரும்பி, கமராவை உயர்த்துவார். எடுப்பார். இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அங்கே அவர் பின்னுக்கு நடந்ததில்லை.

பிறகு கனடாவில் இருக்கும் தம்பியிடமிருந்து டிஜிற்றல் கமரா வந்தது. சமாதானத்தில் கொழும்புப் பாதை திறந்திருந்த காலம். ஊருக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் அதைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார். வெறும் கமராதான், லென்ஸ் இல்லை. "உன்னட்டை இருக்கிற பழைய லென்ஸ் இதுக்குப் பூட்டுப்படும், கேட்டுத்தான் வாங்கினனான்" என்று தம்பி எழுதியிருந்தார்.

அக்கா அதை என் மேசையில் வைத்துத்தான் பூட்டினார். பழைய லென்சைப் புதுக் கமராவின் வாயில் வைத்துத் திருப்பினார். க்ளிக் என்று இருந்துகொண்டது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"பாத்தீரே? முப்பது வருஷத்துக் கிழவன். புதுப் பொம்பிளையோட ஒரு சண்டையும் இல்லை."

சண்டை உடனே தொடங்கியது. கமராவுக்கு அந்த லென்ஸ் யாரென்றே தெரியவில்லை. வெளிச்சம் எவ்வளவு என்று காட்ட வேண்டிய இடத்தில் வெறும் கோடு காட்டியது. அக்கா கவலைப்படவில்லை. உள்ளங்கையை வெயிலில் நீட்டிப் பார்த்து, கணக்கைக் கையால் வைத்து, எடுத்து, பின்னால் இருக்கும் திரையில் பார்த்தார். வெளிறியிருந்தால் லென்சின் வெளிச்ச வளையத்தை ஒரு பல்லுக் குறைத்தார். அது சரிவந்தது.

சரிவராதது மற்றது. பழைய லென்ஸ் பிலிமின் அளவுக்குப் படத்தை விழுத்தும். புதுக் கமராவுக்குள் பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த துண்டு, பிலிமைவிடச் சின்னது. நடுவில் விழுவதை எடுத்துக்கொண்டு சுற்றிவர உள்ளதை விட்டுவிடும். இதை அக்காவுக்கு விளக்கமாகச் சொன்னவர் எங்கள் கணினிப் பகுதியில் இருந்த பெடியன். கேட்டுவிட்டு அவர் லென்சைக் கழற்றிக் கையில் உருட்டினார்.

"அப்ப, ஓரத்தில நிக்கிற ஆக்களை இதுக்குப் பிடிக்காது."

"அப்படியில்லை அக்கா. அதே ஆக்களை எடுக்க இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போகோணும். ஒண்டுக்கு ஒண்டரை."

ஐந்து காலடி ஏழரை ஆனது. "ஏழரை பிடிச்சிட்டுது அக்காவை" என்று அலுவலகம் முழுக்கச் சிரித்தோம். முதல் கல்யாணத்திலேயே அது தன் வேலையைக் காட்டியது. சின்ன அறை. அக்கா பின்னுக்குப் போய்ச் சுவரில் முட்டினார். இன்னும் இரண்டு பேர் வெளியே நின்றார்கள். "பொறுங்கோ" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனார். கொஞ்ச நேரத்தில் எதிர் யன்னலுக்கு வெளியே, வாழைக்குள் நின்றபடி கம்பிக்கு நடுவால் கமராவை நீட்டினார். மாப்பிள்ளை வீட்டார் இவவுக்கு என்ன விசரா என்று கேட்டார்கள்.

எனக்கு இந்தப் பைத்தியக்காரத்தனம் பொறுக்கவில்லை. "பூட்டுப்பட்டால் காணுமே அக்கா? பொருந்தோணுமெல்லே. தம்பியிட்டைச் சொல்லி அதுக்குரிய லென்சை எடுப்பியுங்கோ" என்றேன்.

"அவன் அடுத்த முறை வரேக்க கொண்டுவருவான். அதுவரைக்கும் நான் பொருந்திறன்."

உண்மையாகவே பொருந்திக்கொண்டார். ஒரு மாதம் பின்னேரங்களில் அலுவலக முற்றத்தில் கதிரைகளை வரிசையாக வைத்து, அவற்றை ஆட்களாக எண்ணி, நடந்து நடந்து புதுக் கணக்கைக் காலுக்குப் பழக்கினார். எட்டுப் பேருக்கு ஏழரை. பத்துப் பேருக்கு ஒன்பது. பதினொன்றுக்குப் பத்து. கடைசியில் எந்தத் தொகையைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார். அந்தக் கணக்கில் அவருக்கு அவ்வளவு பெருமை. காலே கமராவாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். பொறுப்பாளரிடமும் சொன்னார்.

பரந்தனுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் காணி கொடுக்கிற நாள். ஒரு பெரியவர், அவருடைய பிள்ளைகள், மருமக்கள், பேரப் பிள்ளைகள், எல்லாமாகப் பதினொரு பேர். காலையிலேயே வந்து மூன்று கல் வைத்துப் பால் காய்ச்சியிருந்தார்கள். கிணறும் அதன் பக்கத்தில் நின்ற மொட்டைப் பனையும் படத்தில் வர வேண்டும் என்று பெரியவர் சொன்னார். அந்தப் பக்கம் அவர்களை நிறுத்தினால், படமெடுக்கிறவர் மறுபக்கத்தில், பக்கத்துக் காணியின் எல்லையோடு நிற்க வேண்டும். பக்கத்துக் காணி இன்னும் துப்புரவாகவில்லை. எல்லையில் தலைக்குச் சிவப்பு அடித்த தடிகள் நட்டு, தடிக்குத் தடி மஞ்சள் நாடா கட்டியிருந்தோம்.

தடிகள் நின்றன. நாடா இல்லை. அந்தக் குடும்பத்தின் கன்றுக்குட்டியின் கழுத்தில் அது நல்ல கயிறாகக் கிடந்ததைப் பிறகுதான் கண்டோம்.

அக்கா ஆட்களை எண்ணினார். பத்துக் காலடி நடந்தார். திரும்பினார். சிவப்புத் தடி அவருடைய குதிக்காலுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி நின்றது. அளவான இடம். கமராவை உயர்த்தி, "சரி, எல்லாரும் உள்ளுக்கு. அசையாதேங்கோ" என்றார்.

நான் ஒரு பக்கமாகப் பதிவுப் புத்தகத்தோடு நின்றிருந்தேன். பெரியவர் என்னைக் கண்டுவிட்டார். "பிள்ளை, நீரும் வந்து நில்லுமன். எங்கட காணியைக் கொப்பியில எழுதின கையெல்லே."

நான் கொஞ்சம் பிகு பண்ணினேன். வேண்டாம் ஐயா என்றேன். சொல்லிக்கொண்டே போய் நின்றுவிட்டேன். அன்று நான் புதுச் சீலை கட்டியிருந்தேன். கொழும்பில் இருந்த மாமி எனக்கு ஒரு கல்யாண இடம் பேசிக்கொண்டிருந்தார், நல்ல படம் ஒன்று அனுப்பு என்று கேட்டிருந்தார். இதை எவரிடமும் நான் சொன்னதில்லை.

வரிசையின் ஓரத்தில், மருமகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"பொறுங்கோ, பொறுங்கோ. இன்னும் ஒராள் வெளியில நிக்கிறார்."

கமரா கண்ணில் இருந்தபடியே அக்கா பின்னுக்கு இரண்டு காலடி வைத்தார். கல்யாண வீட்டில் வைப்பதுபோல. முட்டுப்பட அங்கே ஆட்டுக்கல் இல்லை, சுவர் இல்லை, சொதிச் சட்டிக்காரி இல்லை. இரண்டு தடிகளுக்கு நடுவால் அவர் போனதை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. நாங்கள் கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

எடுத்தார். பிறகு வழக்கம்போலத் திரையில் பார்த்தார்.

"இதென்ன சிவப்பு?" என்றார் தனக்குள்ளே.

படத்தின் கீழ் ஓரத்தில் மங்கலாக ஒரு சிவப்பு. எங்களுக்கும் அவருக்கும் நடுவில். திரையிலிருந்து தலையை உயர்த்தி அவர் தனக்கு முன்னால் நின்ற தடியைப் பார்த்தார். பழைய பிலிம் கமராவாக இருந்திருந்தால் படம் கழுவி வரும்வரை தெரிந்திராது. எந்தப் பக்கமோ நடந்திருப்பார்.

"ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ" என்றார். குரல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

பொறுப்பாளர் ஓடி வந்தார். கால் இரண்டையும் வைத்த இடத்திலேயே வைத்திருக்கச் சொன்னார். வெடி அகற்றும் எங்கள் பெண்கள் இருவர் கவசம் போட்டு, தடியிலிருந்து அவருடைய கால்வரை ஒரு பாதையை அங்குலம் அங்குலமாகத் துப்புரவாக்கத் தொடங்கினார்கள். அவர் போனது இரண்டே இரண்டு காலடி. அங்கிருந்து அவரைத் திருப்பி எடுக்க ஒன்றரை மணித்தியாலம் சென்றது. தேத்தண்ணி குடிக்கும் நேரம்கூட ஒரு இடத்தில் இருக்காத மனுசி. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. அவருடைய உடம்பில் அசைந்தது விரல்கள் மட்டும்தான். லென்சின் வளையம் கிட்டவும் தூரவும் போய் வந்துகொண்டிருந்தது.

"பிள்ளை, ஏதாவது கதையும்" என்றார் என்னைப் பார்த்து. "பேசாமல் நிண்டால் கால் தன்ர பாட்டில நடக்கப் பாக்குது."

நான் கதைத்தேன். மண்ணெண்ணெய் விலை கதைத்தேன். பஸ் வராத கதை சொன்னேன். "அந்தச் சீலை எங்க வாங்கினது?" என்று கேட்டார். வவுனியாவில் என்றேன். "நிறம் உமக்கு நல்லாயிருக்கு" என்றார். எனக்கு அந்தச் சீலையை அங்கேயே கிழித்து எறிய வேண்டும்போல இருந்தது.

அவரைப் பிடித்து வெளியே எடுத்த பிறகு அந்த இடத்தைச் சுற்றி மேலும் பார்த்தார்கள். அவருடைய இடது குதிக்கால் நின்ற இடத்துக்கு மூன்று சாண் பின்னால் ஒன்று இருந்தது. இன்னும் ஒராள் வந்து நின்றிருந்தால் அவர் இன்னும் ஒரு காலடி வைத்திருப்பார். அந்த வெடியின் ஆழத்தையும் தூரத்தையும் பதிவில் எழுதியது என் கைதான்.

அடுத்த நாள் விசாரணை. பொறுப்பாளர் கேட்டார், அக்கா சொன்னார், நான் எழுதினேன். அதுதான் என் வேலை.

"ஏன் பின்னுக்குப் போனீங்கள்?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த லென்சைப் பார்த்தார். "கமரா புதுசு, லென்ஸ் பழசு. ரெண்டுக்கும் ஒத்துவரேல்லை. நான் போட்ட கணக்குப் பிழைச்சுப்போச்சு."

"கணக்குச் சரியெண்டு என்னட்டையே சொன்னீங்களே."

"சும்மா புளுகினனான்."

என் பேனை ஓடியது. கணக்குப் பிழைத்தது என்று முழு வசனமாக எழுதினேன். நான்தான் போய் நின்றேன் என்று சொல்ல வாய் திறந்தேனா என்றால், இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது. வேலை நேரத்தில் புத்தகத்தை வைத்துவிட்டுப் படத்துக்கு நின்றாய் என்று கேட்டால் அந்த வேலை போய்விடும். பயந்தேன். அவ்வளவுதான்.

அவரை வயலுக்கு விடக் கூடாது என்று முடிவானது. என் அறையில் எனக்கு முன்னால் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார்கள். படங்களுக்கு இலக்கம் ஒட்டுகிற வேலை. மூன்று கிழமை இருந்தார். அந்த மூன்று கிழமையும் லென்சைக் கையில் எடுக்கவில்லை. அறை அமைதியாக இருந்தது. என்னால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

வேலையை விட்டுப் போகிற நாளில் ஒரு கடித உறையை என் மேசையில் வைத்தார். உள்ளே அந்தப் படம். வவுனியாவில் கொடுத்து அச்சடித்திருந்தார். பதினொரு பேரும் கிணறும் பனையும், வலது ஓரத்தில் புதுச் சீலையோடு நான். தோள்மூட்டு, முழங்கை, சீலைக் கரை, ஒன்றும் வெட்டுப்படவில்லை.

"அக்கா, ஏன் என்னைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது.

அவர் அதற்குள் வாசலுக்கும் மேசைக்குமாக இரண்டு முறை நடந்துவிட்டார். "என்னத்தைச் சொல்லுறது? நீர் படத்துக்குள்ள வந்திட்டீர். உள்ளுக்கு எடுத்த ஆளை நான் பிறகு வெளியில தள்ளுறதே?"

சைக்கிளில் ஏறிப் போனார். சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. தம்பி கொண்டுவருகிறேன் என்ற லென்ஸ் வந்திருக்காது. பிறகு நாங்கள் எல்லோரும் இடம் இடமாக ஓடினோம். அவர் எந்தப் பக்கம் ஓடினார் என்று விசாரித்து விசாரித்து அலுத்துவிட்டது. கண்டதாகச் சொன்னவர்கள் ஒருவரும் இல்லை.

மாமிக்கு அந்தப் படத்தை நான் அனுப்பவில்லை. பொலித்தீன் பையில் சுற்றி, ஓடின இடமெல்லாம் கொண்டு போனேன். இப்போதும் என்னிடம் இருக்கிறது. பார்க்கிறவர்கள் கீழே என்ன சிவப்பு என்று கேட்பார்கள். வெயில் பட்ட கறை என்று இதுவரை சொல்லி வந்தேன். பதிவுப் புத்தகம் எங்கே எரிந்ததோ, எங்கே புதைந்ததோ தெரியாது. அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அக்காவின் கணக்குப் பிழைக்கவில்லை. பதினொரு பேருக்கு அவர் நின்ற இடம் சரி. பன்னிரண்டாவது ஆள் நான்.